ஆண்ட்ராய்டு இலவசம்தான்... ஆனா உங்க போன்ல எந்த ஆப் இருக்கணும்னு முடிவு பண்றது யாரு?

இரவு பத்தரை மணி. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுகிறது. அனுப்பியது பெரியப்பா. யார் வீட்டுக் கல்யாணம் என்று அவர் எழுதவில்லை. தொட்டுப் பார்த்தால் அது படமும் இல்லை, பி.டி.எஃப்பும் இல்லை. ஃபைல் பெயரின் வாலில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து. போன் உடனே ஒரு கேள்வி கேட்கிறது: 'இந்த இடத்திலிருந்து ஆப் இன்ஸ்டால் செய்ய அனுமதிக்கவா?'

அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பது இப்போது நம்மில் பலருக்குத் தெரியும். அது பத்திரிகையே கிடையாது. உங்கள் எஸ்.எம்.எஸ்-களைப் படித்து, வங்கி அனுப்பும் ஓ.டி.பி-யை வேறு யாருக்கோ அனுப்பிவிடும் ஆப். பெரியப்பாவின் போனும் அப்படித்தான் மாட்டியிருக்கும், அவர் அனுப்பவே இல்லை. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத சலான், வங்கி கே.ஒய்.சி. என்று வேஷம் மட்டும் மாறும். போலீஸும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அதே கேள்விக்கு 'சரி' சொல்லி நீங்களே ஏதாவது இன்ஸ்டால் செய்திருப்பீர்கள், இல்லையா? 2020-ல் பப்ஜி தடை ஆனபோது கொரியன் வெர்ஷன் ஏ.பி.கே. தேடி அலைந்தவர்கள் கை தூக்குங்க. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை நேரடியாகப் போடும் இந்த வழிக்கு 'சைடுலோடிங்' என்று பெயர். ஐபோன்காரர்களிடம் நாம் பெருமையடித்த விஷயம் அது. 'எங்க போன், எங்க இஷ்டம்.'

அந்த இஷ்டத்துக்குத்தான் இப்போது ஒரு பூட்டு தயாராகிறது. 2025 ஆகஸ்ட் 25 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி ஆப்பை எங்கிருந்து இறக்கினாலும் சரி, அதை உருவாக்கிய டெவலப்பர் தன் பெயர், முகவரி, அடையாளம் எல்லாவற்றையும் கூகுளிடம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாத ஆப், கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஏறாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் ஆரம்பம். 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள். அந்த வரிசையில் நாமும் வருவோம்.

நல்லதுதானே, பெரியப்பாவின் பணம் தப்புமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்தால் ஒரு கேள்வி இடிக்கிறது. போன் என் காசில் வாங்கியது. ஆண்ட்ராய்டு 'ஓப்பன் சோர்ஸ்', எல்லோருக்கும் இலவசம் என்றார்கள். அப்புறம் என் போனில் எது ஏறலாம் என்று முடிவெடுக்கும் சாவி கலிஃபோர்னியாவில் எப்படிப் போய் உட்கார்ந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கேமராவுக்காகப் பிறந்த குழந்தை

2003 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிறிஸ் வைட் என்ற நான்கு பேர் ஆரம்பித்த சின்ன கம்பெனிதான் ஆண்ட்ராய்டு. ரூபினுக்கு ரோபோக்கள் என்றால் பைத்தியம். அதனால் ஆப்பிளில் வேலை பார்த்த நாள்களில் சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது போனுக்கான சாஃப்ட்வேரே இல்லை, டிஜிட்டல் கேமராவுக்கானது. கேமரா மார்க்கெட் போதாது என்று தெரிந்ததும் போனுக்குத் தாவினார்கள். கையில் காசில்லை. ஒரு கட்டத்தில் ரூபினின் நண்பர் ஸ்டீவ் பெர்ல்மன் ஒரு கவரில் 10,000 டாலரை ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்தாராம். கூகுளிடம் போவதற்கு முன் கொரியாவில் சாம்சங்கிடமும் போய் விளக்கினார்கள். அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. இன்றைக்கு உலகத்திலேயே அதிக ஆண்ட்ராய்டு போன் விற்கும் கம்பெனிகளில் ஒன்று சாம்சங். விதி!

2005 ஜூலையில் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கியது. 5 கோடி டாலர் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்போது கூகுளின் பயமெல்லாம் மைக்ரோசாஃப்ட் மேல்தான். கம்ப்யூட்டரை விண்டோஸ் பிடித்த மாதிரி போனையும் அவர்கள் பிடித்துவிட்டால், அதில் கூகுள் தேடலுக்கு இடம் இருக்குமா? தேடல் இல்லையென்றால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லையென்றால் கூகுளே இல்லை. ஆண்ட்ராய்டு ஏன் இலவசம் என்பதற்கான விடை இங்கேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு போனுக்கும் லைசென்ஸ் காசு கேட்டது, கூகுள் ஒரு பைசா கேட்கவில்லை. போன் கம்பெனிகள் சும்மா எடுத்துக்கொள்ளட்டும், அதில் நம் தேடல் பெட்டி இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு.

அந்தப் பெட்டி எவ்வளவு பெறும்? அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. போன்களிலும் பிரவுசர்களிலும் கூகுளையே முதல் தேடலாக வைத்திருக்க, 2021-ல் மட்டும் ஆப்பிள், சாம்சங் போன்ற கம்பெனிகளுக்குக் கூகுள் கொடுத்த பணம் 2,630 கோடி டாலர்.

2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டியதும், பட்டன் கீபோர்டோடு தயாராகிக்கொண்டிருந்த முதல் ஆண்ட்ராய்டு போனை ஓரங்கட்டிவிட்டுத் தொடுதிரைப் பக்கம் ஓட வேண்டியிருந்தது. அந்த வருடம் நவம்பர் 5 அன்று 34 கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு 'ஓப்பன் ஹேண்ட்செட் அலையன்ஸ்' என்று அறிவித்தார்கள். 2008 அக்டோபரில் முதல் போன், ஹெச்.டி.சி. ட்ரீம், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்தப் போனிலேயே 'தெரியாத இடங்களிலிருந்து வரும் ஆப்களை அனுமதி' என்ற செட்டிங் இருந்தது. ஆப்பிளோடு மோத வந்தவனுக்கு அப்போது அதுதான் பெருமை.

தமிழுக்குப் பெட்டி பெட்டியாக

இந்தியாவுக்கு ஆண்ட்ராய்டு வந்தது 2009 ஜூனில், ஏர்டெல் மூலமாக, ஹெச்.டி.சி. மேஜிக் என்ற போனில். வந்த புதிதில் நம் மொழி அதற்குத் தெரியாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள். சில போன்களில் எழுத்து தெரியும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அப்போது நம்மவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஓப்பரா மினி பிரவுசர். அதன் ரகசிய செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்தால் தமிழ் பளிச்சென்று தெரியும். 2011 வாக்கில் கல்லூரியில் இருந்த அண்ணன், அக்காக்களைக் கேளுங்கள், பரம்பரை வைத்தியம் மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தது அது. ஆண்ட்ராய்டு 4 வரிசை வந்த பிறகுதான் நிலைமை சீரானது. 2005-லேயே மொபைலில் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்ப வழி செய்த மலேசியாவின் முத்து நெடுமாறனின் 'செல்லினம்', பிறகு ஆண்ட்ராய்டிலும் வந்தது. கீபோர்டைக்கூட மாற்றிக்கொள்ள விடும் ஓ.எஸ். என்பதால் அது எளிதாக முடிந்தது. ஐபோனில் வேறு கீபோர்டு போட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த கதவால் தமிழுக்குக் கிடைத்த லாபம் இது, மறுக்க முடியாது.

நஷ்டமும் ஒன்று உண்டு. அது நடந்தது சென்னைக்குப் பக்கத்தில்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்துவிட்டுப் பல மாவட்டங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிய பெண்கள் அதில் ஏராளம். நோக்கியாவிடம் இருந்தது சிம்பியன் ஓ.எஸ். ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு அது தாக்குப்பிடிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா ஒரு முடிவெடுத்தது, ஆண்ட்ராய்டு வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் போதும் என்று. போன் நன்றாக இருந்தது, ஆப்கள்தான் இல்லை. 2014-ல் போன் பிசினஸே மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வருமான வரி வழக்கால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேர்க்க முடியவில்லை. ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. மூடியதற்கு நேரடிக் காரணம் வரிச் சண்டையும் ஆர்டர் நின்றதும்தான். ஆனால் எந்த ஓ.எஸ். என்று ஃபின்லாந்தில் எடுத்த முடிவு தப்பாமல் இருந்திருந்தால், அந்த ஆலையை விற்கிற நிலைமையே வந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே இடத்தைப் பின்னாளில் வாங்கியது, ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கும் சால்காம்ப் என்ற கம்பெனி.

நோக்கியா விழுந்துகொண்டிருந்த அதே 2014-ன் செப்டம்பர் 15 அன்று, டெல்லியில் சுந்தர் பிச்சை மேடையேறி 'ஆண்ட்ராய்டு ஒன்' போன்களை அறிமுகம் செய்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று இந்திய பிராண்டுகள். விலை 6,399 ரூபாய். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த பிச்சைதான் 2013-லிருந்து அப்போது ஆண்ட்ராய்டின் பொறுப்பாளராக இருந்தார். இரண்டு வருடம் கழித்து ஜியோ வந்தது, டேட்டா விலை தரைக்கு வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அந்தக் கதைக்குள் வளர்ந்தவர்கள். இன்று இந்தியாவில் நூறு ஸ்மார்ட்போன் எடுத்தால் தொண்ணூற்றைந்துக்குக் கிட்ட ஆண்ட்ராய்டுதான். ஆட்டோவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்வதிலிருந்து ரேஷன், ரயில் டிக்கெட், ஆன்லைன் கிளாஸ் வரை எல்லாம் இதன் மேல்தான் ஓடுகிறது. அதனால்தான் சாவி யாரிடம் என்பது டெக் ஆர்வலர்களின் கவலையாக மட்டும் இருந்துவிட முடியாது.

இலவசமாகக் கொடுத்தது ஒரு பாதி

ஆண்ட்ராய்டில் இரண்டு அடுக்கு உண்டு. கீழே இருப்பது ஏ.ஓ.எஸ்.பி. எனப்படும் திறந்த மூல ஆண்ட்ராய்டு. அதை நீங்கள்கூட இறக்கி, உங்கள் பெயர் போட்டுப் புது ஓ.எஸ். செய்யலாம், யாரும் கேட்க முடியாது. மேலே இருப்பது ப்ளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப், ஜிமெயில், இவை எல்லாவற்றுக்கும் அடியில் சத்தமில்லாமல் ஓடும் 'கூகுள் ப்ளே சர்வீசஸ்'. இந்த மேல் அடுக்கு திறந்ததே இல்லை. போன் கம்பெனிக்கு இது வேண்டும் என்றால் கூகுளோடு ஒப்பந்தம் போட வேண்டும். நோட்டிஃபிகேஷன் வருவது, லொகேஷன் காட்டுவது என்று பல வேலைகளுக்கு ஆப்கள் இந்த மேல் அடுக்கையே நம்பியிருக்கின்றன. கீழ் அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு கடையில் போன் விற்க முடியுமா? ஹுவாவேயைக் கேட்டால் தெரியும். 2019 மே மாதம் அமெரிக்க அரசு அந்தக் கம்பெனியைத் தடைப் பட்டியலில் சேர்த்ததும் அதன் புது போன்களுக்கு மேல் அடுக்கு கிடைக்காமல் போனது. ஏ.ஓ.எஸ்.பி-யை யாரும் பிடுங்கவில்லை. ஆனாலும் சீனாவுக்கு வெளியே அதன் போன் விற்பனை படுத்தேவிட்டது.

நம் ஊரிலும் ஒரு முயற்சி நடந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வளர்ந்த ஒரு ஸ்டார்ட்-அப், 2023 ஜனவரியில் 'பார் ஓ.எஸ்.' என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. மத்திய அமைச்சர்கள் கையில் வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள், 'சுதேசி ஓ.எஸ்.' என்று செய்தி பறந்தது. அதன் அடித்தளமும் ஏ.ஓ.எஸ்.பி-தான். அதில் தவறில்லை, திறந்த மூலம் இருப்பதே அதற்குத்தான். ஆனால் உங்கள் பக்கத்தில் யாராவது அந்த ஓ.எஸ். போன் வைத்திருக்கிறார்களா, பாருங்கள்.

இந்த மேல் அடுக்கு விவகாரம்தான் கோர்ட்டுக்குப் போனது. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்குப் போட்ட அபராதம் 434 கோடி யூரோ. பிறகு மேல்முறையீட்டில் 412.5 கோடியாகக் கொஞ்சம் குறைந்தது. இந்தியாவில் இதே புகாரை சி.சி.ஐ. எனப்படும் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோனவர்கள் பெரிய கம்பெனிகள் இல்லை, ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் சாதாரண ஆள்கள் மூன்று பேர். 2019-ல் விசாரணைக்கு உத்தரவு, 2022 அக்டோபர் 20 அன்று தீர்ப்பு. அபராதம் 1,337.76 கோடி ரூபாய், கூடவே பத்துக் கட்டளைகள். ப்ளே ஸ்டோர் வேண்டும் என்றால் மற்ற ஆப்களையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதே என்பது அவற்றில் ஒன்று. 2023 ஜனவரியில் கூகுள் இதில் சிலவற்றுக்கு இறங்கிவந்தது. போன் வாங்கியதும் எந்தத் தேடல் வேண்டும் என்று கேட்கும் திரை அப்படி வந்ததுதான்.

அந்தப் பத்தில் இன்னொரு கட்டளையையும் கவனியுங்கள். டெவலப்பர்கள் தங்கள் ஆப்பை சைடுலோடிங் மூலம் கொடுப்பதைக் கூகுள் எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்று சி.சி.ஐ. சொன்னது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு கட்டளைகளை மட்டும் ரத்து செய்தது. ரத்தான நான்கில் இதுவும் ஒன்று! அன்றைக்கு இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. அபராதத் தொகைதான் தலைப்புச் செய்தி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த ஒற்றைக் கட்டளை இன்று உயிரோடு இருந்திருந்தால், புது விதியைக் கொண்டுவரும் முன் கூகுள் இந்தியாவைப் பற்றி இரண்டு முறை யோசித்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை வரன் பார்க்கும் ஆப் காணாமல் போனது

சாவி யாரிடம் என்பது வெறும் தத்துவக் கேள்வி இல்லை என்று காட்டிய நாள் 2024 மார்ச் 1. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99 ஏக்கர்ஸ் என்று பல இந்திய ஆப்களைக் கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. ஆப்புக்குள் நடக்கும் விற்பனையில் 11 முதல் 26 சதவீதம் வரை கூகுள் கட்டணம் கேட்டது, அவர்கள் கட்ட மறுத்தார்கள். அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள், உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்தது. கூகுள் கேட்டதிலும் நியாயம் உண்டு, சும்மா நடத்த அது தர்மசத்திரம் இல்லையே. ஆனால் வரன் பார்க்கப் புது ஆப் தேடியவருக்கு அன்று பெயரே வரவில்லை. வெப்சைட் இருந்தது, கம்பெனி இருந்தது, ஆள்கள் இருந்தார்கள், போனுக்குள் நுழைய மட்டும் வழியில்லை. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டுப் பேசிய பிறகு சில நாள்களில் ஆப்கள் திரும்பின.

பெரிய கம்பெனி என்பதால் அமைச்சர் பேசினார். கோயம்புத்தூரில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு யார் பேசுவார்கள்?

அப்படிப்பட்டவர்களுக்கு இருந்த மாற்று வழிதான் ஏ.பி.கே. கேபிள் டிவி வசூலுக்கு ஒரு ஆப், டீலர்கள் ஆர்டர் போட மட்டும் ஒரு ஆப், பால் அளவு குறிக்க ஒரு ஆப். இவற்றை ப்ளே ஸ்டோரில் ஏற்றி உலகத்துக்கே காட்ட வேண்டிய தேவையே இல்லை. ஐம்பது பேர் பயன்படுத்துவார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கல்லூரி ப்ராஜெக்ட் ஆப்பும் இந்த வகைதான்.

சரி, கூகுள் சொல்வது பொய்யா?

இல்லை. அதுதான் சிக்கல். இணையத்திலிருந்து நேரடியாக இறக்கும் ஆப்களில், ப்ளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கும் மேல் தீங்கு செய்யும் ஆப்கள் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. அவர்களுடைய சொந்தக் கணக்குதான், இருந்தாலும் நம் ஊர் போலி சலான்களைப் பார்த்தவர்கள் நம்பத் தயங்க மாட்டார்கள். ஒரு ஆப்பைத் தடுத்தால் அதே கும்பல் வேறு பெயரில் அடுத்த நாளே இன்னொன்றை அனுப்புகிறது. டெவலப்பர் யார் என்று தெரிந்தால் அந்த விளையாட்டு கஷ்டமாகும். விமான நிலையத்தில் அடையாள அட்டை பார்ப்பது மாதிரிதான் இது, பையைத் திறந்து பார்ப்பதில்லை என்கிறது கூகுள்.

எதிர்ப்பவர்களில் முக்கியமான குரல், 2010 முதல் திறந்த மூல ஆப்களை இலவசமாகக் கொடுத்துவரும் எஃப்-டிராய்டு. அதில் ஆப் எழுதும் பலர் தன்னார்வலர்கள், சிலர் பெயர் வெளியே தெரிய விரும்பாதவர்கள். இப்படியே விதி வந்தால் தங்கள் திட்டமே முடிந்துபோகும் என்று 2025 செப்டம்பரில் அவர்கள் சொன்னார்கள். பெயர் சொல்ல முடியாத காரணம் எல்லா நேரமும் திருட்டுத்தனம் இல்லை. 2025 அக்டோபரில் அமெரிக்காவில், குடியேற்றத்துறை அதிகாரிகளின் நடமாட்டத்தை மக்கள் பகிர்ந்துகொள்ளும் ஆப்களை ஆப்பிளும் கூகுளும் தங்கள் ஸ்டோர்களிலிருந்து நீக்கின. அரசுக்குப் பிடிக்காத ஆப்பை எழுதுகிறவர் தன் அடையாள அட்டையை ஒரு கம்பெனியிடம் கொடுத்து வைப்பாரா?

எதிர்ப்புக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது. ரிஸ்க் தெரிந்தே பதிவில்லாத ஆப்பைப் போட விரும்பும் அனுபவசாலிகளுக்குத் தனியாக ஒரு வழி வைப்போம், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக ஆப் செய்கிறவர்களுக்கும் எளிய கணக்கு தருவோம் என்று 2025 நவம்பரில் கூகுள் இறங்கிவந்தது. மோசடிக்காரன் போனில் மிரட்டி அவசரப்படுத்தினாலும் ஆள் ஏமாறாதபடி அந்த வழியில் எச்சரிக்கைகள் இருக்குமாம். யோசனை நல்லது. ஆனால் அந்த வழி எத்தனை படி, எவ்வளவு சுற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு கல்லூரி மாணவர் தாண்ட முடிந்தால் அது எச்சரிக்கைப் பலகை. ரெண்டு நாள் அலைய வேண்டியிருந்தால் அது சுவர்.

சாவியைக் கேட்பது கூகுள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் கடைசியில், இந்தியாவில் விற்கும் எல்லா போன்களிலும் 'சஞ்சார் சாத்தி' ஆப்பை முன்கூட்டியே போட்டுத்தான் விற்க வேண்டும் என்று நம் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. அதை முடக்க முடியாதபடி இருக்க வேண்டுமாம். அதற்கும் சொன்ன காரணம் மோசடித் தடுப்புதான். கூச்சல் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயம் வாபஸ். திருடனைக் காட்டியே சாவியை வாங்குவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

எனக்கு நெருடுவது இன்னொன்று. பாதுகாப்புதான் நோக்கம் என்றால், அதைவிடப் பெரிய ஓட்டை பல வருடமாகத் திறந்தே கிடக்கிறது. 2015-ல் 'ஸ்டேஜ்ஃப்ரைட்' என்ற குறை வெளிவந்தது. வெறும் ஒரு எம்.எம்.எஸ். அனுப்பி போனைக் கைப்பற்ற முடியும் என்ற நிலை. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதா மாதம் செக்யூரிட்டி பேட்ச் கொடுக்க ஆரம்பித்தது. கூகுள் கொடுத்தாலும் அது சிப் கம்பெனிக்குப் போய், போன் கம்பெனிக்குப் போய், அவர்கள் மனசு வைத்தால்தான் உங்களிடம் வரும். பிக்ஸல், சாம்சங்கின் விலை உயர்ந்த மாடல்களுக்கு ஏழு வருடம் அப்டேட் உறுதி. பத்தாயிரம் ரூபாய் போனுக்கு? பலவற்றில் இரண்டு, மூன்று வருடத்தில் கை கழுவிவிடுகிறார்கள். அந்த போன்தான் அடுத்து அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ போகிறது, ஜிபே-யோடு சேர்த்து. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து வருடத்துக்கு அப்டேட் கொடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. இங்கே அப்படி ஒரு கட்டாயம் இன்னும் இல்லை. எந்த ஆப் ஏறலாம் என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கூகுள் இதில் காட்டி, பட்ஜெட் போன் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தத்திலேயே வருடக் கணக்கை எழுதியிருந்தால், இந்தப் புது விதியை இவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருக்க மாட்டேன். ஒப்பந்தம் போட்டு நிபந்தனை விதிப்பது அவர்களுக்குப் புதிதும் இல்லை.

2027-க்கு முன் இந்தியாவில் கேட்க வேண்டியது சிலது இருக்கிறது. பதிவில்லாத ஆப்புக்கான அந்தத் தனி வழி எப்போதும் இருக்கும் என்று எழுத்தில் தருவார்களா? ஒரு டெவலப்பரின் பதிவைக் கூகுள் ரத்து செய்தால் அவர் எங்கே போய் முறையிடுவது? அரசு கேட்டால் அந்த அடையாள விவரங்கள் போகுமா? சி.சி.ஐ-யிலோ நாடாளுமன்றத்திலோ யாராவது இதைக் கேட்க வேண்டும். பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் செப்டம்பருக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச நமக்குச் சில மாதங்கள் கிடைக்கும்.

அதுவரைக்கும் ரெண்டே நிமிட வேலை. அம்மா போனை வாங்குங்கள். செட்டிங்ஸில் தேடல் பெட்டியில் 'அன்நோன் ஆப்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எந்தெந்த ஆப்களுக்கு ஏ.பி.கே. போட அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். அப்படியே 'அபவுட் போன்' பகுதிக்குள் போய் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். இந்த வருடம் என்றால் பரவாயில்லை. 2022 என்று இருந்தால், அந்த போனில் இருக்கும் வங்கி ஆப்பை முதலில் வேறு போனுக்கு மாற்றுங்கள்.